மூலையில் மஞ்சள் புள்ளி

எனக்கு என்ன நோய் வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் என் நாட்குறிப்பைத்தான் காட்டுகிறேன்.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து வரிகள்: மழை, தூக்கம், சாப்பாடு, வேலை, மருந்து. பத்தொன்பது வருடமாக இப்படித்தான் எழுதி வருகிறேன். போன வருடம் மார்ச்சிலிருந்து, நவம்பரில் ஆஸ்பத்திரியில் சேரும் வரை, ‘மருந்து’ என்ற சொல்லுக்கு எதிரே எல்லாப் பக்கத்திலும் ‘இல்லை’ என்றே இருக்கிறது. மருத்துவர்களும், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதியரும் என்னிடம் ஐந்து முறை கேட்டார்கள், ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று. ஐந்து முறையும் அந்த வரியை மனதில் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். பைபிளில் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன்.

நான் செலின். வயது ஐம்பத்தொன்று. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறையில் காற்றை அடைத்து, அது உப்பியதும் விளக்குக்கு எதிரே பிடித்து ஊசி முனையளவு ஓட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். கூடத்தின் மறுபக்கத்தில் கையுறை அச்சுகளான பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, விரல்களைக் கீழே நீட்டியபடி, ரப்பர் பாலில் முங்கி எழுந்து போய்க்கொண்டே இருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அதை ரொம்ப நேரம் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது பழகிவிட்டது. என் கண்தான் என் சம்பளம். ஒரு கட்டு முழுதும் சரியாக இருந்தால் அதன் அட்டையில், வலது கீழ் மூலையில், மஞ்சள் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பார்த்தாச்சு, நல்லது என்று அதற்குப் பொருள்.

அந்த வேலையில் கை காய்ந்து போகும். அரிக்கும். முகத்திலும் திட்டுத் திட்டாகக் கருமை வந்திருந்தது. என் தங்கை ஜெனிட்டா பாரிட் புந்தாரில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். மார்ச் மாதம் அவள் ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தாள். வைட்டமின் ஏ.

“தினம் ஒண்ணு சாப்பிடுக்கா. தோலுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. உன் வேலைக்குக் கண்ணு வேணும்ல?”

மாத்திரை மஞ்சளாக, மெத்தென்று, உள்ளே எண்ணெயோடு இருந்தது. பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். குமிழி இல்லை, கசிவு இல்லை. போத்தலின் மேல் இருபத்தைந்தாயிரம் யூனிட் என்று எழுதியிருந்தது. அந்த எண்ணையும் அன்றைய பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்தேன். அது கூடுதலா குறைவா என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

அதை ஏன் ‘மருந்து’ வரியில் எழுதவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் பிறந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். சனிக்கிழமை காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மீன் எண்ணெய் ஊற்றுவார். காய்ச்சல் மருந்தெல்லாம் அலமாரியில் பூட்டியிருக்கும். மீன் எண்ணெய்ப் போத்தல் மட்டும் வெளியே மேசை மேல் நிற்கும். அழாமல் குடித்தால் இரண்டாவது கரண்டி கிடைக்கும். நான் எப்போதும் இரண்டு கரண்டி வாங்கியவள். பூட்டி வைப்பது மருந்து, மேசை மேல் வைப்பது சத்து, சத்து கூடினால் இன்னும் நல்லது. இந்தப் பாடம் எனக்குள் அப்போதே இறங்கிவிட்டது.

ஆகவே அது மருந்து வரிக்குப் போகவில்லை. சாப்பாடும் இல்லையே என்று அங்கேயும் எழுதவில்லை. பக்கத்தின் வலது கீழ் மூலையில், தொழிற்சாலையில் வைப்பது போலவே, மஞ்சள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

இரண்டு மாதத்தில் கை மிருதுவானது. முகம் தெளிந்தது. கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்தார்கள்: “என்னலா செலின், ரெண்டாவது கல்யாணமா? மூஞ்சி மின்னுது!” எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூனில் உதடு வெடித்தது. எத்தனை முறை தண்ணீர் குடித்தாலும் ஓரம் கிழிந்து ரத்தம் கசிந்தது. தோல் மறுபடி காய்கிறது, ஒன்று போதவில்லை என்று நினைத்து இரண்டாக்கினேன். மூலையில் இரண்டு புள்ளி. ஆகஸ்டில் சீப்பில் முடி கொத்தாக வந்தது, உள்ளங்கை உரிந்தது. ஜெனிட்டாவுக்குப் போன் செய்தேன்.

“கழிவு வெளியேறுதுக்கா. பழைய தோலு போனாத்தானே புதுசு வரும்?” என்றாள். எத்தனை சாப்பிடுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கொடுத்த போத்தல் எப்போதோ தீர்ந்து, ஈப்போவில் நானே கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து மூன்று புள்ளி.

செப்டம்பரில் ஒரு நாள், வேலை நேரத்தில், என் வலது கட்டைவிரலின் தோல் கழன்றது. கிழியவில்லை, உதிரவில்லை. விரல் நுனியின் வடிவத்தோடு, ரேகைகளோடு, ஒரு சின்னத் தொப்பி போல முழுதாக வந்தது. வலிக்கவும் இல்லை. கை தானாக உயர்ந்து, அதை விளக்குக்கு எதிரே பிடித்தது. ஓட்டை இல்லை. அந்தப் பக்கம் பீங்கான் கைகள் முங்கி எழுந்து போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு அந்தத் தோலைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த கையுறையை எடுத்தேன்.

மறுநாள் நான்கு புள்ளி.

அக்டோபரில் தலைவலி தொடங்கியது. விடிந்து எழும்போதுதான் அதிகம். நின்று நடமாடினால் சற்றுக் குறையும். முழங்காலுக்குக் கீழே எலும்பு நோகும். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசைக்குப் போய் வந்து கட்டிலில் சாய்ந்தேன். சர்... சர்... சர்... காய்ந்த ரப்பர் இலைகளின் மேல் யாரோ நடக்கிறார்கள். பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் மொத்தமாக இலை உதிர்க்கும்போது தோட்டத்துக்குள் யார் வந்தாலும் அந்தச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எங்கள் வீடு ஈப்போவில், வரிசை வீடுகளின் நடுவில் இருக்கிறது. வாசலில் சிமெண்ட், ஒரு செடிகூடக் கிடையாது.

என் கணவர் அருள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மாதாகோவில் பாடகர் குழுவில் தடித்த குரல் அவருடையது. அவரை எழுப்பிக் கேட்டேன்.

“சத்தம் கேக்குதா?”

“எலியா இருக்கும்லா. படு.”

ஆனாலும் நாற்காலி போட்டு ஏறி, கூரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நான் மாடிப்படி ஏறினால் அந்தக் காலடியும் வேகமாக வந்தது. உட்கார்ந்தால் மெதுவானது. ஆனால் நான் நின்றபோது அது நிற்கவில்லை. எனக்குப் பயத்தைக் கொடுத்தது அதுதான். அன்றைய பக்கத்தில் ‘தூக்கம்’ வரியில் எழுதியிருக்கிறேன்: ‘இடது பக்கம் ஒருவர் நடக்கிறார்.’

நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள். நான் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, முழுக்கச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. குடியிருப்பு இல்லை, சிற்றாலயம் இல்லை. கல்லறைத் தோட்டம் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் வேலி போட்டபடி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் வந்து புல் வெட்டி மெழுகுவர்த்தி ஏற்றுவோம். பட்டப்பகல், பக்கத்தில் யாரோ பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தியை நட்டு, பற்றவைக்கக் குனிந்தேன்.

வெளிச்சம் போய்விட்டது. பட்டென்று போகவில்லை. சாம்பல் நிறத் துணி ஒன்று கீழிருந்து மேலே ஏறி மூடியது போல் போனது. பிள்ளைகளின் குரல் கேட்டது. தீக்குச்சியின் சூடு விரலில் தெரிந்தது. நெருப்பு மட்டும் தெரியவில்லை. நான் எண்ணினேன். ஐந்து வரை எண்ணியபோது துணி இறங்கியது. எதிரே இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன. அப்பாவின் சிலுவையும் இரண்டு. நான் கொண்டுபோனது ஒரு மெழுகுவர்த்தி.

காரில் வரும்போது அருளிடம் சொன்னேன். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் சிரிக்கிற ஆள் அவர். அன்று சிரிக்கவில்லை.

“அங்க யாராவது உன்னைக் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிடல. நடக்குறாங்க.”

“இப்பவுமா?”

“இப்பவும்.”

அவர் பின்னால் இருந்த இருக்கையைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வீடு வரைக்கும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மறுநாள் வாசற்படியின் இரண்டு ஓரத்திலும் கல்லுப்பு கிடந்தது. அருள் அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்.

அந்த வாரத்தில் ஒன்பது முறை கண் இருண்டது. ஒவ்வொன்றையும் விநாடி எண்ணி எழுதினேன். யாரிடமும் போகவில்லை. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அட்டையில் என் மஞ்சள் புள்ளி. உள்ளே பதினோரு கையுறையில் ஓட்டை. ஒரு கையுறையை எடுத்து ஓர் இடத்தில் விரல் வைத்தார். நான் கையுறையை விளக்குக்கு எதிரே தூக்கி, அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். அங்கே எனக்கு ஓட்டை தெரியவில்லை. பேயாக இருந்தாலும் பரவாயில்லை, கண் போனால் நான் யார் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் பார்த்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண் பிரிவின் வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால், கூடத்தில் இருந்தவர்களின் முகங்கள் எல்லாம் ரப்பர் பால் பூசியது போல் மங்கலாக இருந்தன. உள்ளே டாக்டர் கவிதா என்ற இளம் பெண் விளக்கு வைத்து என் கண்ணுக்குள் பார்த்தார். இன்னொரு கண்ணையும் பார்த்தார். மறுபடியும் முதல் கண்ணுக்கு வந்தார்.

“ஆன்ட்டி, கண்ணுல பிரச்சனை இல்ல. கண்ணுக்குப் பின்னால மூளையிலேருந்து வர்ற நரம்பு இருக்கில்ல, அது வீங்கியிருக்கு. தலைக்குள்ள அழுத்தம் கூடினாத்தான் இப்படி ஆகும். வீட்டுக்குப் போக முடியாது. இன்னிக்கே சேர்ந்துடுங்க.”

“கட்டியா டாக்டர்?”

“ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்.”

“பார்வை போயிடுமா?”

“அதைத் தடுக்கத்தான் சேரச் சொல்றேன்,” என்றார். பிறகு படிவத்தைப் பார்த்துக் கேட்டார், “மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“இல்லை.”

பரிசோதனைகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பார்வைப் பரப்புச் சோதனை. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் ஒரு கண்ணை வைத்து நடுவில் பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தோன்றும். பார்த்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். பாதிப் புள்ளிகளை நான் பார்க்கவே இல்லை என்றும், வராத புள்ளிகளுக்குச் சில முறை அழுத்தினேன் என்றும் பிறகு சொன்னார்கள். அடுத்து ஸ்கேன். தலைக்குள் கட்டி இல்லை, ரத்தக் குழாயில் அடைப்பும் இல்லை. அருள் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு நிம்மதி வரவில்லை. கட்டி என்றால் அதற்கு ஓர் இடம் இருக்கும். இது இடம் இல்லாமல் என் தலைக்குள் இருந்தது.

ரத்தத்தில் கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. மது பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். அருள் முந்திக்கொண்டு, “இவ கோப்பியையே பாதி கப்புதான் குடிப்பா டாக்டர்,” என்றார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

மூன்றாவது, முதுகில் ஊசி. மூளையைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. அதே நீர்தான் முதுகெலும்புக்குள்ளும் இறங்கி நிற்கிறது. இடுப்புக்கு மேலே ஊசி போட்டு, அதில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகினால், தலைக்குள் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும். கருவில் இருக்கும் பிள்ளை போலச் சுருண்டு படுத்திருந்தேன். பின்னால் டாக்டர் கவிதா எண்களைச் சொல்வது கேட்டது. இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முப்பத்தெட்டில் நின்றது.

கொஞ்சம் நீரை இறக்கினார்கள். அப்போது காலடிச் சத்தம் நின்றது. மூன்று வாரம் விடாமல் நடந்தவர் சட்டென்று நின்றார். அந்த அமைதியில் மிஸ்ஸியின் கைக்கடிகாரம் கேட்டது. மறுநாள் மதியம் மறுபடி தொடங்கியது. முதலில் தூரத்தில், பிறகு கட்டிலருகே.

அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்வது போல் இருக்கும். அதை ‘மருந்து’ வரியில் ஒழுங்காக எழுதினேன், எட்டு மாதத்தில் முதல் முறையாக.

அருள் பேருந்து ஓட்டம் முடிந்து தினமும் மதியம் பார்வையாளர் நேரத்துக்கு வருவார். ஒரு பிளாஸ்க்கில் மைலோ, வீட்டுச் சோறு, மூடி போட்ட சின்ன டப்பாவில் நான்கு மஞ்சள் மாத்திரை. சேர்ந்த அன்றே நான்தான் சொல்லியிருந்தேன், சத்து மாத்திரையை மறந்துடாதீங்க என்று. அவர் ஒரு நாள்கூட மறக்கவில்லை. என் கையில் எண்ணி வைத்து, மைலோவை ஆற்றிக் கொடுத்து, நான் விழுங்கும் வரை நின்று பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பார், “இன்னும் நடக்குறாங்களா?”

“ம்.”

“எங்க?”

“உங்க பின்னால.”

“சும்மா இருலா செலின்!” என்பார். ஆனால் நாற்காலியைச் சுவரோடு நகர்த்திப் போட்டுக்கொள்வார்.

பக்கத்துக் கட்டிலில் மைமூன் அக்கா. அவர்கள் குடும்பம் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறது. சர்க்கரை நோய், காலில் ஆறாத புண், பெரிய கட்டு. மகன் கொண்டுவரும் குவே என்கிற இனிப்புப் பலகாரங்களைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரி. ஒரு நாள் நான், “அக்கா, யாரோ நடக்குற மாதிரி இல்ல?” என்று கேட்டுவிட்டேன்.

“என்னையா கேக்குறே? நான் நடந்தா இந்த வார்டே கைதட்டும்லா. படுத்துத் தூங்கு.”

ஆறாம் நாள் பார்வைப் பரப்புச் சோதனையை மறுபடி எடுத்தார்கள். டாக்டர் கவிதா இரண்டு தாளையும் என் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கறுப்பாக இருக்கும் இடம் பார்வை போன இடம். இரண்டாவது தாளில் இடது கண்ணின் கறுப்பு மூலையிலிருந்து நடுவை நோக்கி வந்திருந்தது.

“மருந்து கேக்கணும், கேக்கல. ஏன்னு புரியல. இடுப்புலேருந்து வயித்துக்கு உள்ளுக்குள்ளயே குழாய் வச்சு நீரை வடிய விடணும். நாளன்னிக்கு ஆப்பரேஷன். தள்ளிப்போட்டா இடது கண்ணு போயிடும் ஆன்ட்டி. அப்புறம் வலது.”

அன்று மதியம் அருள் வந்தபோது நான் அவர் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தேன், நினைவில் வைத்துக்கொள்ள. நெற்றி, மூக்கு, இடது காதின் கீழ் மச்சம். அவர் டப்பாவைத் திறந்து நான்கையும் என் கையில் வைத்தார். “சாப்பிடு. ஆப்பரேஷனுக்குத் தெம்பு வேணும்.”

மைமூன் அக்காவுக்கு அருளின் டப்பா மேல் சில நாளாகவே ஒரு கண். மறுநாள் அவர் அதைத் திறந்ததும், “என்னலா அது, தேன் துளி மாதிரி மின்னுது?” என்றார் அக்கா.

“சத்து மாத்திரைக்கா. தோலுக்கு, கண்ணுக்கு.”

“அப்ப எனக்கும் ஒண்ணு குடு. என் மூஞ்சியைப் பாரு, ஆறிப்போன ரொட்டி சானாய் மாதிரி இருக்கு.”

ஒன்று கொடுத்தேன். அருளின் கையில் மூன்று மிச்சம். அவர் மைலோவை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி சோதனைக்கு வந்தார். காலையில் மைமூன் அக்காவின் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மிஸ்ஸி நேரே தலையணை உறைக்குள் கைவிட்டு இரண்டு குவேயையும், அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் மாத்திரையையும் எடுத்தார்.

“குவே என்னுது. ஒத்துக்குறேன்,” என்றார் மைமூன் அக்கா. “அது மருந்துலா மிஸ்ஸி. பக்கத்துல செலின் குடுத்தது. கண்ணுக்கு நல்லதாம்.”

எதிர்க் கட்டிலில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கவிதா திரும்பினார். வந்து மிஸ்ஸியின் கையிலிருந்து அதை வாங்கினார். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார், நான் பிடிப்பது போலவே.

“ஆன்ட்டி, மருந்து எதுவும் சாப்பிடலன்னுதானே சொன்னீங்க?”

“இது மருந்து இல்லையே டாக்டர். வைட்டமின் ஏ.”

அவர் முகம் மாறியது. “எத்தனை? எத்தனை நாளா?”

நான் நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். மூலையைப் பாருங்கள் என்றேன். அவர் அன்றைய பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார். முதலில் மெதுவாக, பிறகு கட்டைவிரலால் சரசரவென்று. பக்கங்கள் ஓடும்போது மூலையில் நான்கு மஞ்சள் புள்ளிகள் துடித்துக்கொண்டு நின்றன. மூன்றாயின. இரண்டாயின. ஒன்றாகி, மார்ச்சில் மறைந்தன. பக்கங்கள் உரசிய அந்தச் சத்தம், சர்... சர்... என்று, என் காதுக்குள் நடந்தவரின் சத்தமாகவே இருந்தது.

டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வார்டில் டாக்டர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“ஆரஞ்சுல இருக்கிற சத்து கூடிப்போனா சிறுநீர்ல போயிடும். இது எண்ணெய்ல கரையறது. வெளிய போகாது. கல்லீரல்ல சேர்ந்துக்கிட்டே இருக்கும். இடம் போதலன்னா தோலு, முடி, எலும்பு, மூளை நீரு, எல்லாத்துலயும் கை வைக்கும். நீங்க இதுல எழுதியிருக்கிற காலடி உங்க ரத்த ஓட்டம்தான், ஆன்ட்டி. அழுத்தம் கூடினதால காதுல கேக்குது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் யூனிட்டைத் தாண்டக் கூடாது. நீங்க ஒரு லட்சம் சாப்பிட்டிருக்கீங்க.” பிறகு புரட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார், “எங்களுக்கு வேணும்கிற ரிப்போர்ட்டை நீங்களே எழுதி வச்சிருக்கீங்க.”

அருள் மூன்று மாத்திரையும் உள்ளங்கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். “இங்கயும்...” என்றார். “தினமும் நான்தானே இங்கயும்...” மைலோ கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மைமூன் அக்காவின் மேசையில் வைத்தார். மைமூன் அக்கா, தன் வாழ்க்கையில் முதல் முறையாக இருக்கலாம், இனிப்பான ஒன்றைத் தொடாமல் அவர் பக்கமே திருப்பி நகர்த்தினார். “நீ குடி தம்பி. உட்காரு.”

ஆப்பரேஷனைத் தள்ளி வைத்தார்கள். மறுபடி ஊசி போட்டு நீர் இறக்கி, அழுத்த மாத்திரையைக் கூட்டி, இரண்டு நாளுக்கு ஒரு முறை கண் பார்த்தார்கள். ரத்தம் வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போனது. முடிவு வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். முடிவுக்காக டாக்டர் காத்திருக்கவில்லை. என் நாட்குறிப்பின் மூலைகளே அவருக்குப் போதுமாக இருந்தன. கறுப்பு நடுவுக்கு வரவில்லை. பத்து நாள் கழித்துக் கொஞ்சம் பின்வாங்கியது. குழாய் வைக்கத் தேவைப்படவில்லை.

எட்டு மாதமாக என்னைத் தொடர்ந்தது எதுவென்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு முன்னைவிடக் குளிரெடுத்தது. தோட்டத்திலிருந்து எதுவும் என்னைப் பின்தொடரவில்லை. நான்தான் தினமும் அதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நல்லது என்று புள்ளி வைத்து, உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

ஜெனிட்டாவுக்குப் போன் செய்ததுதான் கடினமான வேலை. சொல்லி முடிக்கும் முன்பே அழத் தொடங்கிவிட்டாள்.

“நான்தான்கா உன்னைக் குருடாக்கப் பார்த்தேன்.”

“நீ ஒண்ணு சொன்னே. நாலாக்கினது நான். எழுதி வச்சிருக்கேன், வேணும்னா வந்து பாரு. இப்ப அழாம பதில் சொல்லு. நீ எத்தனை சாப்பிடுறே?”

“...ரெண்டு.”

“எழுந்து போயிக் குப்பையில போடு. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

போத்தலின் மூடி திறக்கும் சத்தமும் மாத்திரைகள் கொட்டும் சத்தமும் கேட்டன. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாளே அவளும் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காலடி உடனே நிற்கவில்லை. கல்லீரல் தன்னிடம் இருப்பதை மெதுவாகத்தான் தீர்க்கும். வீடு திரும்பிய பிறகும் அது வந்தது. ஆனால் கட்டிலருகே இல்லை, கூடத்தில். பிறகு வாசலில். பிறகு தெருவில் யாரோ போவது போல. பிப்ரவரி மாதம், வாசலில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். அருளிடம் சொன்னேன். இனி உப்பைக் கூட்டிவிடலாமே என்றேன்.

“கிடக்கட்டும்லா,” என்றார். “அது என்ன சோறா கேக்குது?”

தொழிற்சாலையில் விளக்கின் முன்னால் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அட்டைகளைப் பதிவு செய்யும் மேசையைக் கொடுத்திருக்கிறார்கள். நாட்குறிப்பில் ‘மருந்து’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘வாய்க்குள் போனவை’ என்று எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: டாக்டரிடம் போகும்போது வீட்டில் மேசை மேல் இருக்கும் போத்தல்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அது மருந்தா இல்லையா என்று அவர்கள் சொல்லட்டும்.

வலது கண் முழுதாகத் திரும்பிவிட்டது. இடது கண்ணில் மூக்குப் பக்கமாக, கீழ் மூலையில், ஒரு துண்டு திரும்பவில்லை. இனித் திரும்பாது என்று டாக்டர் கவிதா சொன்னார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் அந்தக் குறை தெரிவதில்லை. வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளின் நடுவைப் பார்க்க வேண்டும், எந்த இடம் காணவில்லை என்று குறிக்க வேண்டும். நான் அதற்குப் போன வருட நாட்குறிப்பைத்தான் எடுக்கிறேன். அக்டோபரில் ஒரு பக்கம். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் நடுவரியைப் பார்க்கிறேன். மழை, தூக்கம், வேலை எல்லாம் தெரிகின்றன. வலது கீழ் மூலை மட்டும் வெறும் தாளாக இருக்கிறது, அங்கே நான் எப்போதும் எதுவும் வைக்காதது போல.

வலது கண்ணைத் திறக்கிறேன். நான்கும் அங்கேயே இருக்கின்றன.